ஊசி போடும் முன்

(செவிலியர் தினத்தையொட்டி வானூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே 12 நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த நாள். இந்த நாளில் மெழுகுவத்தி ஏற்றுவோம், உறுதிமொழி எடுப்போம், சேவை, தியாகம் என்று பேசுவோம். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுத் தொழிலைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். செவிலியர் பள்ளியில் பாடம் நடத்தியே காலம் கழித்தவள் நான். தொழிலைப் பேசுவதுதான் எனக்கு வரும்.

எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் தசை ஊசி. வார்டில் நாம் ஐ.எம். என்கிறோம். ஊரில் ‘இடுப்பு ஊசி’, ‘கை ஊசி’ என்கிறார்கள். “இதில் பேச என்ன இருக்கிறது, முதலாம் ஆண்டிலேயே படித்துவிட்டோமே” என்று முன்வரிசையில் இருக்கும் மாணவிகள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. முதலாம் ஆண்டில் படித்ததை முப்பதாம் ஆண்டிலும் அப்படியே செய்கிறோமா என்பதுதான் கேள்வி. ஊசி குத்துவதற்கு இரண்டு நொடி போதும். குத்தலாமா, எங்கே குத்துவது, எந்த நீடிலால் குத்துவது என்று அதற்கு முன்னால் எடுக்கும் முடிவில்தான் செவிலியரின் அறிவு இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதற்குச் சாட்சி சொல்கிறேன்.

முதல் சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் கோரிமேட்டில் இறங்கிவிடலாம்; ஜிப்மர் மருத்துவமனை. அங்கிருந்த குழந்தை மருத்துவர்கள் மகாதேவன், சீனிவாசன் இருவரும், வையட் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் சேர்ந்து 1992-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். போலியோவால் முடங்கி வந்த குழந்தைகளின் பெற்றோரை உட்காரவைத்து, முடக்கம் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. காய்ச்சலுக்கு யாரோ ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் முடக்கம் வந்திருந்தது. அந்த ஊசிகள் தேவையே இல்லாதவை என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார்கள்.

ஊசியில் போலியோ கிருமி இருந்தது என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிருமி ஏற்கனவே குழந்தையின் உடம்பில் இருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போய்விடும். ஊசி தசையைக் காயப்படுத்தும்போது, அந்தத் தசைக்குப் போகும் நரம்பின் வழியாகக் கிருமி தண்டுவடத்துக்கு ஏறுவது எளிதாகிவிடுகிறது. நியூயார்க்கில் குரோமையர், விம்மர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1998-ல் எலிகளில் இதைச் செய்துகாட்டினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1950-ல், பிரிட்டனில் பிராட்ஃபோர்டு ஹில்லும் நோல்டனும் ஊசி போட்ட கையோ காலோதான் அதிகமாக முடங்குகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

போலியோ இன்று நம் நாட்டில் இல்லை. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட நோயாளிதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் சான்றிதழும் வாங்கிவிட்டோம். பிறகு ஏன் பழைய கதை? அந்தக் குழந்தைகளுக்கு ஊசி போட்ட கை சுத்தமாகவே இருந்திருக்கலாம், நீடில் புதிதாகவே இருந்திருக்கலாம், குத்திய இடம்கூடச் சரியாக இருந்திருக்கலாம். தவறு அந்த ஊசியைப் போட்டதிலேயே இருந்தது. ஆகவே பாதுகாப்பான ஊசிக்கு முதல் விதி, தேவையில்லாத ஊசியைப் போடாமல் இருப்பது.

இதைச் சொல்வது எளிது. நம் ஊரில் கடைப்பிடிப்பது எளிதில்லை. மல்லாட்டை பிடுங்கும் பருவம் முடிந்தால் முதுகு பிடித்துக்கொண்டு வருகிறார்கள். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை பார்ப்பவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மாத்திரை கொடுத்தால் முகம் சுருங்குகிறது. “ஒரு ஊசி போட்டு வுடு சிஸ்டர், காலைல வேலைக்குப் போவணும்.” அன்றைய கூலி போய்விடுமே என்ற பயத்தில் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் போடாவிட்டால் ஊசி போடுகிற ஆளாகப் பார்த்துப் போய்விடுகிறார்கள். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டால்தான் ஃபீஸ் கொடுக்க மனசு வருகிறது என்பதும் உண்மை.

2000-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசி போடப்படுகிறது என்றும், அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பாதுகாப்பற்ற முறையில் போடப்படுகிறது என்றும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு இன்னும் கடுமையானது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் அசுத்த ஊசியால் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ்-பி, 20 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ்-சி, 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. வளரும் நாடுகளில் போடப்படும் ஊசிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சிகிச்சை என்ற பெயரில் போடப்படுபவை. தடுப்பூசியின் பங்கு சிறியது. 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் இறந்தார்கள். 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் பங்கர்மாவில் எச்.ஐ.வி. பரவியது. இரண்டு இடத்திலும் விசாரணை போய் நின்ற இடம் ஒன்றே: ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை இன்னொருவருக்கும் போட்டது.

நம் அரசு நிலையங்களில் இந்தக் கவலை இன்று பெருமளவு தீர்ந்துவிட்டது. தடுப்பூசிக்கு ஒருமுறை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ஏ.டி. சிரிஞ்சு வந்துவிட்டது, மற்றவற்றுக்கும் டிஸ்போசபிள்தான். சிரிஞ்சைத் திருத்திவிட்டோம். கையைத் திருத்தினோமா என்று இப்போது பார்ப்போம்.

தசை ஊசிக்குப் பாடப்புத்தகம் நான்கு இடங்களைச் சொல்கிறது: மேல்கையில் டெல்டாய்டு, தொடையின் வெளிப்பக்கம், பிட்டத்தின் பின்பக்கம், இடுப்பின் பக்கவாட்டு. நடைமுறையில் பெரியவர்களுக்கு நாம் இரண்டைத்தான் பயன்படுத்துகிறோம்: கை, இல்லையென்றால் பின்பக்கம். அதிலும் பின்பக்கம்தான் நமக்குக் கைவந்தது. ஆபத்து அதிகமாக இருப்பதும் அங்கேதான்.

பிட்டத்தின் பின்பக்கத்தில் சயாட்டிக் நரம்பு ஓடுகிறது. காலுக்குப் போகும் நரம்புகளில் இதைவிடப் பெரியது கிடையாது. மேலே குளூட்டியல் ரத்தக்குழாய்கள். ‘மேல் வெளிக் கால்பகுதி’ என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். எதன் கால்பகுதி? பலர் கண்ணுக்குத் தெரியும் சதைத் திரட்சியை மட்டும் நான்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து பிட்டத்தின் கீழ்மடிப்பு வரை முழுவதையும் பிரிக்க வேண்டும். சதையை மட்டும் பிரித்தால் ஊசி கீழே இறங்கி, நரம்புக்குப் பக்கத்தில் போய்விடும்.

சரியாகப் பிரிக்க வேண்டுமானால் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் ஓ.பி.யில் என்ன நடக்கிறது? வரிசையில் இருபது பேர். ஒரு திரைத்துணி, சில இடங்களில் அதுவும் இல்லை. வயசுப் பெண் புடவையோடு நிற்கிறாள், பாவாடை நாடா இறுக்கமாக இருக்கிறது, கதவு திறந்தே கிடக்கிறது. “லேசா இறக்கும்மா” என்கிறோம். இரண்டு விரல் அகலம் தெரிகிறது. தெரிந்த இடத்தில் குத்துகிறோம். அந்தப் பெண்ணுக்கும் வெட்கம், நமக்கும் அவசரம். எலும்பைத் தொட்டுப் பார்த்து இடம் குறித்தவர் எத்தனை பேர்? நின்றபடி இருக்கும்போது தசை விறைத்துக்கொள்ளும், வலி கூடும், ஆள் சட்டென்று நகர்ந்தால் நீடில் வளையும்.

நரம்பில் பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குத்திய கணமே மின்சாரம் பாய்ந்தது போலக் காலில் வலி இறங்கும். “ஐயோ” என்று கத்துவார்கள். அப்போது “ஒண்ணுமில்ல, அசையாதீங்க” என்று மீதி மருந்தையும் ஏற்றக் கூடாது. உடனே நீடிலை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும். நரம்புக்குள் மருந்து இறங்கிவிட்டால் பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது கால் விரல் தரையில் தேயும். குழந்தைகளிலும் மெலிந்த உடம்புக்காரர்களிலும் நரம்பின் மேல் சதை குறைவு. இந்த விபத்து அவர்களுக்குத்தான் எளிதில் நேர்கிறது.

பருத்த உடம்பில் வேறு சிக்கல். 1982-ல் காக்ஷாட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சி.டி. ஸ்கேன் படங்களை வைத்துப் பிட்டத்துக் கொழுப்பின் கனத்தை அளந்தார்கள். மூன்றரை சென்டிமீட்டர் நீடிலால் குத்தினால் ஆண்களில் 15 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கும், பெண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குமே மருந்து தசையில் போய்ச் சேரும் என்று கண்டார்கள். மற்றவர்களுக்கு அது கொழுப்பு ஊசி. கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. மருந்து தேங்கும், கட்டி விழும், சீழ் பிடிக்கும். நாய்க்கடித் தடுப்பூசியைப் பிட்டத்தில் போடவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அங்கே போட்டால் எதிர்ப்புச் சக்தி போதிய அளவு உண்டாவதில்லை. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசிக்கும் அதே விதி.

சரி, மாற்று என்ன? இடுப்பின் பக்கவாட்டு. புத்தகத்தில் வெண்ட்ரோகுளூட்டியல் என்று படித்துவிட்டுத் தேர்வோடு மறந்துவிடும் இடம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபான் ஹோக்ஷ்டெட்டர் 1950-களில் விளக்கி எழுதியது. அங்கே பெரிய நரம்பு இல்லை, பெரிய ரத்தக்குழாய் இல்லை, கொழுப்பு மெல்லியது, தசை தடித்தது. கண்டுபிடிப்பது எப்படி? வீட்டுக்குப் போனதும் அங்கே இருப்பவரை வைத்துப் பழகிப் பாருங்கள். நோயாளியின் இடது இடுப்பு என்றால் உங்கள் வலது உள்ளங்கை. தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்துக்கொண்டிருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வையுங்கள். கட்டைவிரல் தொடையிடுக்கைப் பார்த்து இருக்கட்டும். ஆள்காட்டி விரலை இடுப்பு எலும்பின் முன்முனைக்கு நீட்டுங்கள். நடுவிரலை எலும்பின் விளிம்பை ஒட்டிப் பின்பக்கமாக விரியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் நடுவில் 90 பாகை கோணத்தில் நீடில் இறங்க வேண்டும். விரலை எடுத்துவிட்டுக் குத்துங்கள். சொந்த விரலில் குத்திக்கொண்ட மாணவிகள் உண்டு.

நம் ஊருக்கு இந்த இடத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. புத்தகத்தில் அதை எழுதியிருக்க மாட்டார்கள். நோயாளி மல்லாந்து படுக்கலாம், ஒருக்களித்தும் படுக்கலாம். புடவையைப் பக்கவாட்டில் ஒரு சாண் விலக்கினால் போதும். பின்பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை. பெண்ணின் மானமும் காக்கப்படுகிறது, இடமும் சரியாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் நாம் இதைப் பயன்படுத்தாததற்குக் காரணம், மூத்த சிஸ்டர் பின்பக்கத்தில் போட்டார்கள், அதைப் பார்த்து நாம் போட்டோம், நம்மைப் பார்த்து மாணவிகள் போடுகிறார்கள். கைப்பழக்கம் பரம்பரையாக வருகிறது. அறிவை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கை ஊசியில் தவறு வேறு மாதிரி வருகிறது. இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே தள்ள முடியவில்லை என்று அதன் விளிம்புக்குக் கீழேயே குத்தினால், தசை மெலிந்து ரேடியல் நரம்பு ஓடும் பக்கமாகப் போகிறோம். கழுத்துப் பக்கம் ரவிக்கையை இழுத்துவிட்டு மேலே குத்தினால் தோள் மூட்டுக்குள் போய்விடலாம்; மாதக்கணக்கில் கை தூக்க முடியாத வலி வரும். தோள் எலும்பு முனையைத் தொட்டு, அதிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, தசை திரண்டிருக்கும் நடுவில் போட வேண்டும். அந்த இடம் தெரியாவிட்டால் ரவிக்கைக் கையைக் கழற்றச் சொல்லிக் காத்திருங்கள். டெல்டாய்டு சிறிய தசை. 1 மில்லி தாராளம். டைக்ளோஃபெனாக் போன்ற எரிச்சலூட்டும் மருந்தைக் கையில் போடக் கூடாது. அந்த மருந்து சில நேரம் சுற்றியுள்ள தோலையும் சதையையும் கருக்கி அழுகவே வைத்துவிடும். அதற்கு நிக்கோலாவ் சிண்ட்ரோம் என்று பெயர்.

குழந்தைக்கு வருவோம். கைக்குழந்தைக்கு இடுப்பிலும் போடக் கூடாது, கையிலும் கூடாது. தொடையின் நடுப்பகுதி, முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேரும் இடம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி, ரத்தக்கசிவைத் தடுக்க வைட்டமின்-கே 1 மில்லிகிராம், பிறகு பென்டாவேலன்ட், எல்லாம் அங்கேதான். நம் கிராம சுகாதார செவிலியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்களைப் பார்த்து வார்டு செவிலியர் கற்றுக்கொள்ளலாம். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைக்கச் சில வழிகள் சொன்னது: குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும், பால் குடிக்கிற பிள்ளை குடித்துக்கொண்டே இருக்கட்டும், அதிகம் வலிக்கிற ஊசியைக் கடைசியாகப் போடுங்கள், தடுப்பூசிக்குப் பிஸ்டனை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். பிட்டத்தின் பின்பக்கத்தில் மருந்து போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் மட்டும் இழுத்துப் பாருங்கள். அங்கே ரத்தக்குழாய் இருக்கிறது.

தசை ஊசியே போடக் கூடாத நேரங்களும் உண்டு. மழைக்காலம் வந்தால் விழுப்புரம் மாவட்டத்தில் டெங்கு வருகிறது. காய்ச்சலும் உடம்பு வலியுமாக வருபவருக்குத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம்; அவருக்கு இடுப்பில் வலி ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும், டைக்ளோஃபெனாக் கசிவை இன்னும் கூட்டும். முந்திரித் தோப்பிலும் சவுக்குத் தோப்பிலும் பாம்பு கடித்து வருகிறார்கள். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. விஷமுறிவு மருந்து ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற வேண்டும்; டி.டி. ஊசியைக்கூட ரத்தம் உறையும் தன்மை சரியான பிறகு போட்டுக்கொள்ளலாம். ஹீமோஃபிலியா உள்ளவர், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி ஆகியோரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்ற ஒரு கேள்விக்கு ஐந்து நொடிகூட ஆகாது.

ஊசியைப் பழிக்க நான் வரவில்லை. தசை ஊசி உயிர் காக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே தயங்கினால் அதுவும் பிழை. பிள்ளை பிறந்ததும், வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லை என்று உறுதி செய்து, ஒரு நிமிடத்துக்குள் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் எத்தனையோ தாய்மார்களை ரத்தப்போக்கிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணியை ஆம்புலன்சில் ஏற்றும் முன் பிட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் 5 கிராம் மக்னீசியம் சல்பேட் ஆழமாகப் போடுகிறோம். ஒரு பக்கத்துக்கு 10 மில்லி. சாதாரணமாக ஒரு தசையில் போடும் அளவைவிட இரண்டு மடங்கு. வலிக்கும், இருந்தாலும் முண்டியம்பாக்கம் மருத்துவமனை போய்ச் சேரும் வரை அந்தத் தாயைக் காப்பது அதுதான். வாத இதய நோய் உள்ள பிள்ளைக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின்; கெட்டியான மருந்து, நீடில் அடைத்துக்கொள்ளும், வலி தாங்காமல் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள். தடித்த நீடில், நிதானமான அழுத்தம், கனிவான பேச்சு மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறையும் வரும். அதன் இதய வால்வு பிழைக்கும்.

எந்த ஊசி போட்டாலும் ஒவ்வாமைக்குத் தயாராக இருக்க வேண்டும். மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளிக்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கரைசலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். முதலில் ஏவிலும் டெக்ஸாவும் போட்டுவிட்டு அட்ரினலினுக்கு யோசிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊசி அறையில் அட்ரினலின் எந்தத் தட்டில் இருக்கிறது, காலாவதி தேதி என்ன என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள்.

இனி, விட்டுவிட வேண்டிய பழக்கங்கள். ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட பஞ்சு ஜாடி முதலில் போக வேண்டும். காலையில் ஊறவைத்த பஞ்சில் மாலைக்குள் எத்தனை கை படுகிறது! 2010-லேயே உலக சுகாதார நிறுவனம் இதைக் கூடாது என்று எழுதிவிட்டது. உலர்ந்த பஞ்சில் அப்போதைக்கு அப்போது ஸ்பிரிட் விடுங்கள். தடவிய இடம் காயட்டும். வயலின் ரப்பர் மூடியில் ஒரு நீடிலைக் குத்தியபடியே விட்டுவைத்து எல்லோருக்கும் மருந்து எடுப்பது கிருமிக்குக் கதவு திறந்து வைப்பது. போட்ட நீடிலுக்கு மூடி போடாதீர்கள். ஹப் கட்டரில் வெட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி நீடில் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கும் வெட்டிய சிரிஞ்சு சிவப்புப் பைக்கும் போக வேண்டும். கையில் குத்திக்கொண்டால் பிதுக்காதீர்கள்; சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி உடனே சொல்லுங்கள். ஹெபடைடிஸ்-பி உள்ளவரின் நீடில், தடுப்பூசி போடாத செவிலியரைக் குத்தினால் நூற்றில் முப்பது பேருக்குக்கூடத் தொற்றலாம். எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்தில் மூன்று. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஹெபடைடிஸ்-பி மூன்று தவணையும் முடிக்காத செவிலியர் யாராவது இருந்தால் நாளைக்கே முடிக்கத் தொடங்குங்கள்.

ஆம்ப்யூலை இரண்டு முறை படியுங்கள். பிரசவ அறையில் தாய்க்குப் போட வேண்டிய மெத்தர்ஜினையும் பிள்ளைக்குப் போட வேண்டிய வைட்டமின்-கேயையும் ஒரே தட்டில் வைத்து மாற்றிப் போட்ட விபத்துகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்ததை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊசி சம்பந்தப்பட்ட ஒரு துயரம் ஊரின் நம்பிக்கையையே உலுக்கிவிடும். அதைத் திரும்பக் கட்ட வருடக்கணக்காகும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “எல்லாம் தெரியும் மேடம், நேரம்தான் இல்லை” என்று நீங்கள் சொன்னால் அதை நான் சாக்கு என்று தள்ள மாட்டேன். இரவு டூட்டியில் ஒரே செவிலியர். ஒரு பக்கம் பிரசவம், மறுபக்கம் விபத்து. ஒரே அளவு நீடில்தான் ஸ்டாக்கில் இருக்கிறது என்றால் பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் அதைத்தான் போட முடியும். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கிச் சேர்ப்பதில் நாட்டுக்கே முன்மாதிரி; அந்தப் பெருமைக்கு ஏற்ப ஒவ்வொரு நிலையத்திலும் 23, 22, 21 கேஜ் நீடில்களும், ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என இரண்டு நீளமும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஊசி அறைக்கு ஒரு கட்டில், ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள் வேண்டும். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. மருத்துவ அலுவலர் மனது வைத்தால் ஒரு வாரத்தில் நடக்கும். பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்முறைப் பயிற்சி வேண்டும். எழுத்துத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். மாதிரி உடம்பில் இடம் காட்டச் சொன்னால்தான் யாருக்கு என்ன தெரியும் என்று புரியும்.

மருத்துவர்களிடம் ஒரு வார்த்தை. சீட்டில் ‘இன்ஜெக்‌ஷன்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். மருந்து, அளவு, வழி மூன்றையும் எழுதுங்கள். “டாக்டர், இவருக்குத் தட்டணு குறைவாக இருக்கிறதே, ஊசி வேண்டுமா?” என்று ஒரு செவிலியர் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்வி உங்களையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

மாணவிகளே, மூத்தவர்கள் செய்வதை மரியாதையோடு பாருங்கள். அதோடு, ஏன் இந்த இடம், ஏன் இந்த நீடில் என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த மூத்தவர் சந்தோஷப்படுவார். தெரியாதவர் அன்று இரவு புத்தகத்தைப் புரட்டுவார். இரண்டும் நோயாளிக்கு நல்லது.

ஊர் மக்களே, கடைசியாக உங்களிடம். உடம்பு வலிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மாத்திரை போதும் என்று மருத்துவர் சொன்னால் நம்புங்கள். ஊசி கேட்டு வற்புறுத்தாதீர்கள். ஊசி தேவை என்றால் பயப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். சிரிஞ்சு உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். படுக்கச் சொன்னால் படுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். என்ன மருந்து, எதற்காக என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. என்ன மருந்து, எதற்கு, உடம்பில் எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியாத ஊசியை எந்தச் செவிலியரும் போடக் கூடாது. யாரும் போட்டுக்கொள்ளவும் கூடாது.